அடித்தண்ணீர்

நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் தமயந்தி ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தாள். ஓடைத்திட்டுப் படகுத்துறையில் எடுத்த தண்ணீரில் கொசுமருந்தின் எச்சம்: இல்லை. அந்தக் கையெழுத்து போய்ச் சேர்ந்தால்தான் திங்கட்கிழமை விடியலில் தட்டான்கள் மேலே கிளம்பும். தட்டான் என்பது ஊரார் வைத்த பெயர். மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானங்கள் பன்னிரண்டு, தாழப் பறந்து, சுரபுன்னைக் காட்டின் ஓடைகள்மீது மெல்லிய பனிபோல மருந்தைப் பெய்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது அந்தக் காடு. உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட ஓடைகள். ஆற்றுத்தண்ணீரும் கடல்தண்ணீரும் கலந்து ஏறி இறங்குகிற இடம். 2043ஆம் ஆண்டு அங்கேதான் அந்தக் கொசுவை முதலில் கண்டார்கள். நல்ல தண்ணீரில் மட்டுமே முட்டையிட்டுவந்த இனம் உப்புத்தண்ணீருக்கும் பழகிக்கொண்டிருந்தது. அது கொண்டுவந்த நோய்க்கு உப்புக் காய்ச்சல் என்று பெயர் வந்தது. முதல் மழைக்காலத்தில் நகரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் தமயந்தியின் கணவன் எழிலரசன். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். செவ்வாய்க்கிழமை தலை வலிக்கிறது என்று சீக்கிரம் வீடு திரும்பினான். சனிக்கிழமை காலை அவனை எடுத்துப் போனார்கள்.

மறு ஆண்டு தட்டான்கள் முதன்முதலாகப் பறந்தபோது தமயந்தி ஆற்றுப் பாலத்தின் மேல் நின்று பார்த்தாள். பக்கத்தில் நின்ற யார் யாரோ கைதட்டினார்கள். அவள் அழுதாள். அதற்கு முன் நகராட்சியில் குடிநீர் சோதிக்கும் வேலையில் இருந்தவள், கொசு ஒழிப்புத் திட்டத்துக்குத் தண்ணீர் சோதிக்க ஆள் வேண்டும் என்றதும் தானே எழுதிக் கேட்டு மாறிக்கொண்டாள். அந்த ஆண்டு காய்ச்சலில் இறந்தவர்கள் மூன்று பேர். அதற்கடுத்த ஆண்டு ஒருவருமில்லை.

ஆகவே, தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், துறையின் ஓரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஒரு பெண், "மேடம், இதையும் ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டபோது, தமயந்திக்கு அது ஏதோ வழி கேட்பதுபோலத்தான் இருந்தது.

பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். கழுத்தில் ஓலையால் முடைந்த சிறிய கூடை தொங்கியது. பறி என்பார்கள். ஓடைத்திட்டில் நாற்பத்து மூன்று இருளர் குடும்பங்கள். அந்தப் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு வருடங்களாகத் தமயந்தி அவர்களைப் பார்க்கிறாள். பேசியதில்லை.

பெண் பறிக்குள் கைவிட்டு ஓர் இறாலை எடுத்து நீட்டினாள். "அமுக்கிப் பாருங்க."

தமயந்தி அமுக்கினாள். விரல் உள்ளே போயிற்று. ஓடு இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் காகிதம்போல ஏதோ இருந்தது.

"தோல் உரிச்ச எறாவா இருக்கும்," என்றாள்.

"தோல் உரிச்சா ரெண்டு நாள் மெத்துனு இருக்கும், பொறவு கெட்டியாயிரும். அது எங்களுக்குத் தெரியாதா? இது பத்து நாளானாலும் இப்படியே கெடக்குது. பொறவு செத்துப்போவுது. ரெண்டு வருசமா இப்படித்தான். மொதல்ல பத்துக்கு ஒண்ணு. இப்ப பத்துக்கு ஏழு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆபீசுல போயி சொன்னோம். தண்ணி நல்லா இருக்குன்னு ஒரு பேப்பரக் காட்டினாங்க. கீழ கையெழுத்து இருந்துச்சு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "தண்ணி எடுக்க வர்ற மேடத்தோட கையெழுத்துதான்னு சொன்னாங்க. அதான் உங்களையே கேட்டுடலாம்னு."

அவள் குரலில் கோபமே இல்லை. தமயந்திக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. கையிலிருந்த கருவியைத் திருப்பிக் காட்டினாள். "இப்பதான் பாத்தேம்மா. சைபர். மருந்து அடிச்சா வெயில்ல முப்பது மணி நேரத்துல அது உடைஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிடும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்காங்க."

பெண் கருவியைப் பார்த்தாள். தமயந்தியின் காலடியில் இருந்த தண்ணீர்ச் சீசாவைப் பார்த்தாள். "நீங்க மேத்தண்ணிய மொள்றீங்க. எறா மேலயா இருக்குது?"

துறையின் ஓரத்தில், காலை பத்து மணிக்கு, ஓர் அடி ஆழத்தில் எடுக்க வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் இருந்தது. ஏன் ஓர் அடி என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

"நாளெல்லாம் வாய் தண்ணியோட ஒட்டிக்கிட்டே கெடக்கும் எங்களுக்கு," என்றாள் பெண். "தட்டான் வந்துபோன மறுநாள் நாக்குல ஒரு கசப்பு தெரியும். முன்னெல்லாம் ரெண்டு நாள்ல போயிரும். இப்பப் போறதே இல்ல. வத்தத் தண்ணியில அடியக் கலக்குனா கசப்பு இன்னும் சாஸ்தி."

அவள் பெயர் பூங்காவனம்.

அந்த வாரமும் தமயந்தி 'இல்லை' என்று எழுதித்தான் அனுப்பினாள். கருவி காட்டியது அதுதான். ஆனால் எழுதிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது அவளுக்குத் தெரியும். பயிற்சியின் முதல் நாளில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொசுவின் குஞ்சு வளர்வதற்குள் நான்கு முறை தோல் உரிக்க வேண்டும். மருந்து புதுத்தோலைக் கெட்டிப்பட விடாது. குஞ்சு மெத்தென்றே இருந்து செத்துவிடும். தோல் உரித்து வளர்கிற உயிர் கொசு மட்டும்தானா என்று அன்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு ஓடைத்திட்டுக்குப் போனாள்.

கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றும் நேரம். பூங்காவனம் அவளைச் சிறு படகில் ஏற்றி, மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட ஓர் ஓடைக்குள் கொண்டுபோனாள். உச்சி வெயிலிலும் உள்ளே சாயங்காலம்போல இருந்தது. தண்ணீர் பழுப்பு நிறம். தமயந்தி மேல்தண்ணீரை எடுத்துக் கருவியில் ஊற்றினாள். சைபர்.

"இங்க குடுங்க," என்று பூங்காவனம் மூடிய காலிச் சீசா ஒன்றை வாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் அமிழ்ந்தாள். கொஞ்ச நேரம் குமிழிகள் மட்டும் வந்தன. அடியிலேயே திறந்து, நிரப்பி, மூடிக்கொண்டு மேலே வந்தாள்.

கருவி முப்பத்தெட்டு என்றது. ஒன்றுக்கு மேல் போனால் தெளிப்பை நிறுத்த வேண்டும் என்பது விதி.

தமயந்தி குழாயைக் கழுவிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். முப்பத்தெட்டு. மூன்றாம் முறை முப்பத்தொன்பது.

"கருவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள் பூங்காவனம், தலையைத் துவட்டிக்கொண்டே.

"இல்லக்கா," என்றாள் தமயந்தி. "கருவி நல்லாத்தான் இருக்கு."

தன்னோடு வேதியியல் படித்தவளின் தம்பி ஹாரூன், பக்கத்து ஊரில் ஒரு சிறிய கடலாய்வுக் கூடத்தில் இருந்தான். திங்கட்கிழமை மாலை ஓடையில் எடுத்த ஆறு சீசாத் தண்ணீரையும் ஒரு வாளிச் சேற்றையும் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். அவன் எண்களைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, இந்த மருந்தை எங்க வச்சு சோதிச்சிருப்பாங்கன்னு நெனக்கிறீங்க?"

"ஏதோ லேப்ல."

"கண்ணாடித் தொட்டியில. தெளிஞ்ச தண்ணி, நல்ல வெயில். முப்பது மணி நேரத்துல உடைஞ்சிருக்கும், பொய்யில்ல. ஆனா நம்ம ஓடைத் தண்ணி என்ன நிறம்?"

"டீ மாதிரி."

"அதேதான். இலை விழுந்து ஊறின சாயம். மருந்தை உடைக்கிற வெயில் அதுல ஒரு சாண்கூட இறங்காது. மேல இருக்குற மருந்து உடையும். மிச்சம் கீழ போயிடும். கீழ இருக்குறது கடல்தண்ணி, கனம் சாஸ்தி, ஆத்துத் தண்ணியோட லேசுல கலக்காது. அது ஒரு மூடி போட்ட பானை மாதிரி. அதுக்கும் கீழ சேறு." அவன் வாளிக்குள் பார்த்தான். "சேறு என்ன பண்ணும்னுதான் எனக்குத் தெரியல. பாத்துடுவோமா?"

மொட்டைமாடியில் மூன்று கண்ணாடி ஜாடிகளை வைத்தார்கள். ஒன்றில் தெளிந்த கடல்தண்ணீர். ஒன்றில் ஓடைத் தண்ணீர். மூன்றாவதில் ஓடைத் தண்ணீரோடு, மருந்தே படாத தூரத்து ஓடையிலிருந்து கொண்டுவந்த சேறு. மூன்றிலும் ஒரே அளவு மருந்து. மூன்று நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பார்த்தபோது முதல் ஜாடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் போட்டதில் பாதி இருந்தது. மூன்றாவதன் தண்ணீரிலும் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

"சேறு சுத்தம் பண்ணிடுச்சா?" என்றாள் தமயந்தி ஆவலோடு.

ஹாரூன் மூன்றாவது ஜாடியின் தண்ணீரை இறுத்துக் கொட்டினான். புதிய கடல்தண்ணீரை ஊற்றி ஒரு குச்சியால் கலக்கிவிட்டு, மறுநாள் வரச் சொன்னான். மறுநாள் அந்தத் தண்ணீரில் மருந்து இருந்தது. அதையும் கொட்டிவிட்டு இன்னொரு முறை ஊற்றினான். அடுத்த நாளும் இருந்தது. ஒன்பது முறை மாற்றிய பிறகும் அளவு கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

"வாங்கி வச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுக்குது," என்றான் ஹாரூன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, வியப்பு இருந்தது. "நாலு வருசமா வாராவாரம் அடிச்சது எல்லாம் அங்கதான் இருக்குதுக்கா. இன்னைக்கு நிறுத்தினாலும் ஏழெட்டு வருசத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும்."

டாக்டர் கருணாமூர்த்திதான் திட்டத்தின் தலைவர். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் தொண்ணூறு பேரையாவது அவர் கட்டிலோரம் நின்று பார்த்தவர். தமயந்தி தாள்களை மேசையில் வைத்தபோது அவர் இடைமறிக்காமல் கடைசிவரை கேட்டார். எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"ஒரு அடியில எடுக்கணும்னு எழுதினது நான்தான்," என்றார். "கொசுக்குஞ்சு மூச்சு விட மேல வரும். அதனால மேல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்கச் சொன்னேன். கீழ என்ன ஆகும்னு எனக்குத் தோணவே இல்ல."

"அடிக்கிறதை நிறுத்தணும் சார்."

"நிறுத்தினா யார் சாவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா, தமயந்தி?"

எழிலரசனையும் அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து சன்னலருகே போனார். நின்றார். பிறகு சட்டென்று திரும்பினார். "இருங்க. தண்ணி ஏறி இறங்கும்போது அடிச்சேறு கலங்கும் இல்லையா? கலங்கினா மருந்து மேல வரும். அப்படின்னா இந்த நாலு வருசமா கொசுவைத் தடுத்தது திங்கட்கிழமை அடிச்ச மருந்தா, சேத்துல கெடக்குற பழைய மருந்தா?"

அந்தக் கேள்வி தமயந்திக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் துணிந்துதான் அதைச் செய்தார். மேலிடத்துக்கு எழுதி, ஆறு வாரம் தெளிப்பை நிறுத்தி வைக்க அனுமதி வாங்கினார். நகரத்திலும் சாலையோர ஊர்களிலும் எண்பது இடங்களில் கொசுப்பொறிகள் இருந்தன. ஒவ்வொரு காலையும் அவரே எண்ணிக்கையைக் கேட்டு வாங்கினார். முதல் வாரம் அந்தக் கொசு ஒன்றுகூடச் சிக்கவில்லை. மூன்றாம் வாரமும் இல்லை. ஆறாம் வாரம் முடிந்த அன்று தமயந்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

"நாம நெனச்சது சரி. தட்டானே வேண்டாம். சேத்துல இருக்குறதே போதும். ஏழெட்டு வருசம் காவல். அதுக்குள்ள தடுப்பூசி வந்துடும்."

"எறா, சார்?"

அவர் உட்கார்ந்தார். "ஓடைத்திட்டுல எத்தனை குடும்பம்?"

"நாற்பத்து மூணு."

"நகரத்துல ஒண்ணரை லட்சம் பேர். சேத்தைச் சுத்தம் பண்ண வழி கேட்டு நீங்க எழுதினா, நானே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். ஆனா சேறு சுத்தமானா காய்ச்சல் திரும்பி வரும். அதையும் அதே தாள்ல எழுதிடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

அவர் சொன்னது தவறு என்று அவளுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பேருந்தில் திரும்பும்போது அதே கணக்கை அவளும் போட்டுப் பார்த்தாள். அந்த ஒன்றரை லட்சத்தில் அவளுடைய மகள் இருந்தாள். எழிலரசனின் பணிமனை நண்பர்கள் இருந்தார்கள். நாற்பத்து மூன்றில் ஒருத்தியின் பெயர்தான் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு பெயரே போதுமானதாக இருந்தது, அவளால் அந்தத் தாளை எழுதவும் முடியவில்லை, எழுதாமலிருக்கவும் முடியவில்லை.

கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஓடைத்திட்டுக்குப் போனாள். பூங்காவனம் வீட்டு வாசலில் பறி ஒன்றின் கிழிந்த விளிம்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் காசியம்மா, பதினாறு வயது, பெருநகரத்துக்குத் தையல் வேலைக்குப் போகப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். இறால் இல்லாத ஊரில் இருந்து என்ன செய்வாள் என்று, தமயந்தி கேட்காமலே பூங்காவனம் சொன்னாள்.

தமயந்தி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சேற்றில் மருந்து இருப்பதை. ஏழெட்டு வருடம் இருக்கப் போவதை. அதை எடுத்துவிட்டால் கொசு திரும்பிவிடும் என்பதை. "எங்க வீட்டுக்காரர் அந்தக் காய்ச்சல்லதான் போனாரு, அக்கா. அதனால எனக்கு எது சரின்னே தெரியல. உங்களைக் கேக்காம எழுத மனசு வரல."

பூங்காவனம் கையிலிருந்த வேலையை நிறுத்தினாள். அவள் யோசித்தது வேறு ஏதோ என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"எந்தக் கொசு திரும்பி வரும்?" என்றாள்.

"அந்தக் கொசுதான். கால்ல வெள்ளை வரி போட்டிருக்கும்."

"அது இருக்குதே."

தமயந்திக்குப் புரியவில்லை. "எங்க இருக்கு?"

"முட்டு ஓடையில. ரெண்டு மாசமா கடிக்குது. பொழுது சாயறதுக்கு முன்னாடியே மேல மொய்க்குது. எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டோம்."

"ரெண்டு மாசமாவா? ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?"

பூங்காவனம் அவளை வியப்போடு பார்த்தாள். "நீங்க எறாவப் பத்தித்தானே கேட்டீங்க. கொசுவப் பத்தி உங்க ஆளுங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சோம். அதுக்குத்தானே ஆபீசே இருக்குது."

முட்டு ஓடை காட்டின் கடைக்கோடி. அதற்குமேல் வழியில்லாமல் நின்றுவிடும். தட்டான்கள் அங்கேதான் வட்டமடித்துத் திரும்பும். திரும்பும்போது ஒரே இடத்தில் இரண்டு முறை மருந்து விழும். நான்கு ஆண்டுகளில் அந்த ஓடை வாங்கிய அளவை வேறெந்த ஓடையும் வாங்கியதில்லை. அங்கே பொறி எதுவும் வைக்கவில்லை. அங்கே வீடு இல்லை என்பதால்.

மரவேர்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கிய குழி ஒன்றின் பக்கத்தில் பூங்காவனம் படகை நிறுத்தினாள். தமயந்தி நீண்ட கைப்பிடி வைத்த வெள்ளை அகப்பையால் தண்ணீரை மொண்டாள். முதலில் கருவியில் கொஞ்சம் ஊற்றினாள். அறுபத்திரண்டு. அதுவரை எங்கும் பார்த்திராத எண்.

பிறகு அகப்பைக்குள் பார்த்தாள். அதில் இருபது முப்பது கொசுக்குஞ்சுகள் நெளிந்தன. கூடவே, நிறமற்ற சிறு துணுக்குகள் மிதந்தன. ஒரு துணுக்கை விரல்நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உரித்துப் போட்ட தோல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குஞ்சு ஒன்று முதுகைப் பிளந்துகொண்டு பழைய தோலிலிருந்து வெளியே வந்தது. சற்று நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு துள்ளிக்கொண்டு அடியில் போய்விட்டது. அதன் புதுத்தோல் கெட்டியாகத்தான் இருந்தது.

"என்ன மேடம்?" என்றாள் பூங்காவனம்.

"இதுங்க பழகிடுச்சுக்கா," என்றாள் தமயந்தி. "நாலு வருசமா மருந்து எப்பவும் தண்ணியில இருந்துக்கிட்டே இருந்திருக்கு. பொழச்சதுங்க மட்டும் முட்டை போட்டிருக்கு. அதுங்க குஞ்சுல பொழச்சதுங்க மறுபடி முட்டை போட்டிருக்கு. இனிமே இந்த மருந்து இதுங்களை ஒண்ணும் பண்ணாது."

"அப்ப இந்தத் தண்ணி யாரைத்தான் சாவடிக்குது?"

பதில் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டாக்டர் கருணாமூர்த்தி வந்தார். போனில் சொன்னதை அவர் நம்பவில்லை, ஆனால் வந்துவிட்டார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு படகின் நடுவில் குறுகி உட்கார்ந்தார். முட்டு ஓடையில் அகப்பையைத் தானே வாங்கித் தானே மொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொட்டிவிட்டு வேறு குழியில் மொண்டார். அங்கேயும் இருந்தன. மூன்றாவது குழியிலும் இருந்தன. அவர் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. பூங்காவனம், "சார், கழுத்துல," என்றாள். அவர் அதை அடித்துக் கையை விரித்துப் பார்த்தார். கால்களில் வெள்ளை வரி.

"ஆறு வாரமா நான் சந்தோசமா இருந்தேன்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையோடு உப்புக் காய்ச்சல் திரும்பி வந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஓடைத்திட்டில் இருவர், நகரத்தில் ஏழு பேர். ஆனால் காய்ச்சல் வரப் போகிறது என்பது ஐந்து மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததால் வீட்டுக்கு வீடு கொசுவலை போய்ச் சேர்ந்திருந்தது. தேங்கிய குழிகளை மண் போட்டு மூடியிருந்தார்கள். மூட முடியாதவற்றில் குஞ்சு தின்னும் மீன்களை விட்டிருந்தார்கள். அந்த வேலையை ஓடைத்திட்டுப் பெண்கள் முப்பது பேர் செய்தார்கள். காசியம்மா பெருநகரத்துக்குப் போகவில்லை. அந்த வேலையிலேயே சேர்ந்துகொண்டாள். தட்டான்கள் பிறகு பறக்கவில்லை. சேறு தன்னிடம் இருப்பதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அதை ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று காலை, படகில், டாக்டர் கருணாமூர்த்தி சட்டைப்பையிலிருந்து சிறிய குறிப்பேட்டை எடுத்தார்.

"அம்மா, இந்தக் கொசுவை வேற எந்த எந்த ஓடையில பாத்தீங்க?"

"இப்ப முட்டு ஓடையில. போன மாசம் கழுதைத் தொண்டையில கொஞ்சம். சின்னவாய்க்கால்ல நேத்து எங்க நாத்தனா ஒண்ணு ரெண்டு பாத்தேன்னா."

"கழுதைத் தொண்டைங்கிறது..."

"உங்க படத்துல அதுக்குப் பேரு இருக்காது. நான் காட்டுறேன்."

அவர் எழுதிக்கொண்டார். ஓடைகளின் பெயர்களை அவள் சொல்லச் சொல்ல, எழுத்துக்கூட்டிக் கேட்டுக் கேட்டு எழுதினார். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் நிற்கும், எங்கே வெயில் படும், எங்கே படாது, எங்கே இறால் முதலில் மெத்தென்று ஆயிற்று. தமயந்தி சீசாக்களை எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு பக்கம் நிரம்பியதும் பூங்காவனம் நிறுத்திவிட்டு அவரைக் கேட்டாள்.

"சார், இந்தக் கொசுவுக்கு இனிமே என்ன மருந்து?"

நான்கு ஆண்டுகளில் எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லாமல் தமயந்தி பார்த்ததில்லை.

"தெரியலம்மா," என்றார்.

பூங்காவனம் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தலையசைத்துவிட்டுத் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் படகைத் திருப்பினாள்.

"சரி, நல்லாப் பிடிச்சு உக்காருங்க. தண்ணி வத்துறதுக்குள்ள கழுதைத் தொண்டையப் பாத்துடலாம்."